ஓம் வரும்வரை திறக்காத பைப்பு

கையைத் துடைப்பதில்தான் அது தொடங்கும். பிரகலாதன் முதலில் உள்ளங்கைகளைச் சாரத்தின் ஓரத்தில் துடைப்பான். பிறகு புறங்கைகளை. பிறகு விரல் இடுக்குகளை, ஒவ்வொன்றாக, வேறு யாருடைய கையையோ துடைத்துவிடுவதுபோல. ஈரம் மிச்சமிருக்கிறதா என்று வலது கையைக் கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பான். அதன்பிறகே, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் கிடக்கும் கைத்தொலைபேசியை எடுப்பான். வாய்க்கு அருகே கொண்டுபோய், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொல்வான்.

“சிவா, தண்ணித் தாங்கி வால்வு பூட்டியாச்சு. மோட்டர் பிளக்கைக் கழட்டி ஆணியில கொழுவியாச்சு. கீழ்ப் பைப்பைத் திறந்து விட்டனான், மிச்சத் தண்ணி எல்லாம் போயிட்டுது, இப்ப ஒரு சொட்டும் இல்லை. நிலம் காய்ஞ்சு கிடக்கு. செருப்புப் போட்டிருக்கிறன். தொடங்கட்டோ?”

அனுப்பிவிட்டு, கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொள்வான். ஸ்பனர் பக்கத்திலேயே கிடக்கும். தொடமாட்டான். உவர்மலைச் சரிவில் இருக்கும் அந்த வீட்டின் பின்வளவிலிருந்து, இரண்டு கூரைகளுக்கு நடுவில், துறைமுகத் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். கப்பல் ஏதாவது கடந்தால் அதன் நடுப்பகுதி மட்டும் தெரிந்து மறையும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இங்கே காலை ஒன்பதரை என்றால் சைப்பிரசில் ஆறு மணி. அங்கே வேலைக்குப் போயிருக்கும் அவன் மனைவி சிவாஜினி, தான் பராமரிக்கும் கிழவியை, ‘மடம்’ என்று கூப்பிடும் வீட்டுக்காரியை, திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பாள், அல்லது கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பாள். பதில் சிலவேளை இரண்டு நிமிடத்தில் வரும். சிலவேளை முக்கால் மணித்தியாலம் ஆகும். வந்தால் அவள் குரலில் ஒரே ஒரு சொல்தான்.

“ஓம்.”

அந்தச் சொல் வந்த பிறகே பிரகலாதன் எழும்பி ஸ்பனரை எடுப்பான். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஒருமுறை அவளுடைய தொலைபேசி பழுதாகி, அவன் மூன்று நாள் கிணற்றில் அள்ளிக் குளித்தான்.

பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்காவுக்கு இது பெரிய பகிடி. வேலிக்கு மேலால் தலையை நீட்டுவா.

“என்ன தம்பி, இன்னும் பெர்மிசன் வரேல்லையோ?”

“வரும் அக்கா.”

“அந்தப் பிள்ளை அங்க கிடந்து ஓம் எண்டாத்தான் நீர் இஞ்ச மூச்சும் விடுறீர் போல.”

“மூச்சு விடுவன் அக்கா. பைப்புத்தான் திறக்கமாட்டன்.”

இந்தப் பழக்கம் வீட்டில் பிறந்ததல்ல, துறைமுகத்தில் பிறந்தது. அங்கே அவனுடைய வேலை, கட்டியிருக்கும் கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் ஏற்றுவது. தொடைப் பருமனுள்ள குழாய் ஒன்று இறங்குதுறையிலிருந்து கப்பலின் மேல்தட்டுக்குப் போகும். கீழே வால்வில் பிரகலாதன் நிற்பான். மேலே குழாயின் மறுமுனையைக் கப்பல்காரன் ஒருவன் தாங்கி வாயில் பூட்டிவிட்டு நிற்பான். அவன் எந்த நாட்டவனோ, என்ன பாஷைக்காரனோ, முன்னைப்பின்னைக் கண்ட முகமாயும் இராது. கீழே நிற்பவன் கையைத் தூக்க வேண்டும். மேலே நிற்பவன் பதிலுக்குக் கையைத் தூக்க வேண்டும். அந்தக் கை உயராமல் வால்வைத் தொடக்கூடாது. பூட்டாத குழாய்க்குள் தண்ணீர் ஏறினால் அது உயிர் வந்த சாமான்போல் எழும்பி ஆளை அடிக்கும். இருபது வருடம் முன்பின் தெரியாதவர்களின் கைகளை நம்பி வேலை செய்தவன் அவன். ஒரு கப்பல்காரனுடைய பெயரும் அவனுக்குத் தெரியாது. கைகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

சிவாஜினி போன முதல் வருடம் குசினியில் பாத்திரம் கழுவும் பைப்பு ஒழுகியது. ஆளைக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கப்பலுக்கே தண்ணீர் கொடுக்கிறவனுக்கு ஒரு பைப்பு என்ன பெரிய வேலை என்று நினைத்தான். தாங்கி வால்வைத் திருகினான். பழைய வால்வு, முக்கால்வாசிதான் மூடியது; அவன் பார்க்கவில்லை. பைப்பின் தலை கழன்ற கையோடு தண்ணீர் முகத்தில் அடித்தது. பின்னால் கால் வைத்தான், சீமெந்துத் தரை வழுக்கியது, பின்மண்டை குசினிக் கட்டின் விளிம்பில் பட்டது. நாலு தையல். அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் வீடியோவில் கதைக்கும்போது மறந்துபோய்த் தலையைத் திருப்பிவிட்டான்.

“அதென்னது தலையில?”

“சும்மா, கிழிஞ்சது.”

“சும்மா தலை கிழியுமோ? என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ.”

சொன்னான். அவள் ஏசவில்லை. கொஞ்ச நேரம் திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

“ஒருத்தன் கை தூக்காமல் கப்பலுக்குத் தண்ணி திறப்பீங்களோ?”

“இல்லை.”

“அப்ப வீட்டில மட்டும் ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?”

“வீட்டில ஆரப்பா இருக்கு, கை தூக்கிறதுக்கு?”

“நான் தூக்கிறன்.”

அப்படித்தான் தொடங்கியது. முதலில் இரண்டு வரிதான் இருந்தது, வால்வும் மோட்டரும். போகப்போக அவள் கூட்டிக்கொண்டே போனாள். வால்வைப் பூட்டினால் போதாது, கீழ்ப் பைப்பைத் திறந்து தண்ணீர் உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கைக் கழற்ற வேண்டும். தரை காய்ந்திருக்க வேண்டும். காலில் றப்பர் செருப்பு இருக்க வேண்டும். அடைப்பு எடுக்க ஒரு திராவகம் ஊற்றினால் அதற்கு மேல் வேறொன்றை ஊற்றக்கூடாது, இரண்டும் கலந்து புகை எழும்பினால் நெஞ்சை அடைக்கும். ஏணியில் ஏறினால் இறங்கிய பிறகு ஒரு செய்தி. அவளுக்குப் பைப்பு வேலை தெரியாது. ஆனால் படுத்த படுக்கையில் கிடக்கும் ஒரு மனுசியைத் தனியாகப் பார்க்கிறவளுக்கு, எது எப்போது பிழைக்கும் என்று முன்கூட்டியே யோசிக்கத் தெரிந்திருந்தது.

மூன்று வருடத்தில் அவனுக்கு அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ அறைகள் தெரியவந்தன. கரண்டி கோப்பையில் படுகிற ஓம். லிஃப்ட் கதவு மூடுகிற ஓம். மடம் இருமுகிற ஓம். ஞாயிறுகளில் தூரத்துத் தேவாலய மணியோடு சேர்ந்து வருகிற ஓம். அவள் இருக்கும் வீட்டை அவன் கண்டதில்லை. வீடியோவில் தெரிவதெல்லாம் அவள் முகமும், அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவரும், ஒரு சன்னல் திரையின் ஓரமும்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடக்கச் சொன்னால் எங்கும் முட்டாமல் நடப்பான் என்று அவனுக்குத் தோன்றும்.

பிள்ளைகள் இல்லாத வீடு. நாடு முழுக்க எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருடம் முடிந்து, அடுத்த பெப்ரவரியில் அவள் போனாள். போகும்போது மூன்று வருடம் என்று சொன்னாள். அந்த மூன்று வருடம் இந்தப் பெப்ரவரியில் முடிகிறது.

மடத்தின் மகன் இன்னும் ஒரு வருடத்துக்கு இருக்கும்படி கேட்டு, படிவம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஜனவரி கடைசி ஞாயிறு வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அதை அவள் பொங்கலுக்கு முதல் கிழமை சொன்னாள்.

“உங்களுக்கு எப்பிடிப் படுது?” என்றாள்.

“உனக்கு எப்பிடிச் சரியோ அப்பிடிச் செய், சிவா.”

“ம்.”

அதற்கு மேல் இருவரும் அந்தப் பேச்சைத் தொடவில்லை. அவள் போ என்றால் போகிறவள், வா என்றால் வருகிறவள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பது அவன் கவலை. அங்கே அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது, அவளை நம்பி ஒரு உயிர் கிடக்கிறது. தன் தனிமையைக் காட்டி அவளை இழுப்பது சரியில்லை. இப்படியெல்லாம் அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, பின்னறையில் சுவரை உடைக்கத் தொடங்கினான்.

அந்த வீட்டில் குளிக்கும் இடம் வெளியே, கிணற்றடியில். மாரியில் மழைக்குள்ளால் ஓட வேண்டும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவளுக்கு வீட்டுக்குள் ஒரு குளியலறை வேண்டும் என்று ஆசை. இப்போது அதைத்தான் அவன் கட்டிக்கொண்டிருந்தான், தனியாக, லீவு நாட்களில். மாபிள் ஒட்டியாயிற்று. கதவு போட்டாயிற்று. தண்ணீர்தான் வர வேண்டும். வாயால் கேட்காததை அவன் பைப்பால் கேட்டுக்கொண்டிருந்தான்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு அந்தக் கடைசிப் பைப்பு வேலை. தாங்கியிலிருந்து பழைய இரும்புப் பைப்பு ஒன்று மண்ணுக்குள்ளால் ஓடி வந்து, குசினிச் சுவருக்கு வெளியே மேலெழும்பி, உள்ளே போகிறது. எழும்புகிற இடத்தில் உப்புக்காற்றுப் பட்டு ஒரு முழ நீளத்துக்கு உக்கிப்போயிருந்தது. விரலால் தட்டினால் சிவந்த தூள் கொட்டியது. அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு, பிவிசி துண்டு போட்டு, அதிலிருந்தே குளியலறைக்கும் ஒரு கிளை விடுவது அவன் திட்டம்.

கைகளைத் துடைத்தான். வரிகளைச் சொன்னான். கிணற்றுக்கட்டில் இருந்தான். பதினொரு நிமிடத்தில் மணிச்சத்தத்தோடு ஓம் வந்தது.

இரும்பை அரிவதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டான். அரிந்த விளிம்பை அரத்தால் மழுக்கினான். பிவிசிக்குக் கம் பூசுவதற்கு முதல் இன்னொரு செய்தி அனுப்பினான், குசினிக்குள்ளும் ஒரு மூட்டு ஒட்ட வேண்டியிருந்ததால். அவளிடமிருந்து உடனே வந்தது.

“சன்னல் திறந்திருக்கோ? அடுப்பு நிப்பாட்டியாச்சோ? அந்தக் கம் மணம் தலையைச் சுத்தும், நெருப்பும் பிடிக்கும். பூசிப்போட்டு வெளியால வந்து நில்லுங்கோ.”

“அடுப்பு காலமையே நிப்பாட்டினது. சன்னல் ரெண்டும் திறந்திருக்கு.”

“அப்ப ஓம்.”

பின்னேரம் தாங்கி வால்வை மெதுவாகத் திறந்தபோது ஒரு மூட்டும் கசியவில்லை. புதிய குளியலறையில் தண்ணீர் முதலில் இருமியது, பிறகு மண்ணிறத்தில் துப்பியது, பிறகு தெளிவாக விழுந்தது. அந்தச் சத்தத்தை மட்டும் பதிந்து அவளுக்கு அனுப்பினான். வேறு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவள் ஒரு நாள் முழுக்கப் பதில் போடவில்லை. அடுத்த நாள் போட்டாள்.

“பத்துத் தரம் கேட்டனான். நல்ல சத்தம்.”

அதை வைத்துக்கொண்டு அவன் ஒரு கிழமை வேலைக்குப் போய் வந்தான். இறங்குதுறையில் நிற்கும்போது, பத்துத் தரம் என்று தனக்குள் சொல்லிப் பார்ப்பான். பத்துத் தரம் கேட்கிறவள் வரத்தானே வேண்டும். ஆனால் பத்துத் தரம் கேட்டது, இனி நேரில் கேட்கக் கிடைக்காது என்பதாலோ என்றும் ஒரு நினைவு வரும். அப்போது குழாயைத் தேவையில்லாமல் இன்னொருமுறை இழுத்துப் பார்ப்பான்.

ஜனவரி கடைசி ஞாயிறு வந்தது. படிவம் போகிற நாள். பிரகலாதன் காலையில் சந்தைக்குப் போய்ச் சூடைமீன் வாங்கி வந்தான். மோட்டரைப் போட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் ஏறவிட்டுவிட்டு, குசினியில் மீனைக் கழுவினான். பைப்பை மூடப் போன விரல்களில் ஏதோ ஓடியது. எறும்பு கடித்ததுபோல, ஆனால் முழங்கை வரை. கையை எடுத்தான். மீன் முள்ளோ என்று பார்த்தான். முள் இல்லை. மறுபடி தொட்டான். மறுபடி ஓடியது.

இறங்குதுறையில் குழாயும் கயிறும் பிடித்து மரத்துப்போன கை. நரம்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தான். பகிடியாக ஒரு செய்தி அனுப்பினான்.

“சிவா, நீ ஓம் சொன்ன பைப்புக்கு என்னைப் பிடிக்கேல்லைப் போல. கையைக் கடிக்குது.”

அரை நிமிடம் ஆகவில்லை. செய்தி அல்ல, அழைப்பே வந்தது.

“தொட்டுக்கொண்டோ நிக்கிறீங்கள்?”

“இல்லை. ஏன்?”

“காலில செருப்பு இருக்கோ?”

“இருக்கு.”

“பைப்பு கடிக்கிறதெண்டால் கரண்ட். வேற என்ன கடிக்கும்? ஒண்டையும் தொடாதீங்கோ. தண்ணி ஓடினாலும் ஓடட்டும். கையை நல்லாத் துடைச்சுப்போட்டு முன்னறைக்குப் போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டுங்கோ. நான் லைனிலயே நிக்கிறன்.”

துடைத்தான். விரல் இடுக்குகளையும் விடவில்லை. மெயினை நிறுத்தினான். மோட்டர் சத்தம் நின்றது. வீடு முழுவதும் குசினிப் பைப்பின் சத்தம் மட்டும் கேட்டது.

“நிப்பாட்டியாச்சு.”

“ஆரையும் கூப்பிடுங்கோ, வயர் வேலை தெரிஞ்ச ஆளை. நீங்கள் கை வையாதீங்கோ. இது எங்கட வேலை இல்லை.”

மூதூர்க்காரன் றுவைஸ் துறைமுகத்தில் லைட் வேலை செய்கிறவன். கூப்பிட்டதும், மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். முதலில் மோட்டரின் பிளக்கைக் கழற்றி வைத்தான். அளக்கிற கருவியோடு போர்டிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து வெளிச்சுவருக்கு, இரண்டு தரம் நடந்தான். பிறகு குசினி அலுமாரியை இழுத்துவிட்டு, சுவரோரம் குந்தி இருந்து சிரித்தான்.

“அண்ணே, இஞ்ச வாங்க. இந்தப் பச்சை வயரைப் பாத்தீங்களா?”

இரும்புப் பைப்பில் ஒரு பழைய இரும்புப் பட்டி இறுக்கியிருந்தது. அதில் போர்டிலிருந்து வந்த வயர் ஒன்று முடிந்திருந்தது. அலுமாரிக்குப் பின்னால் இருந்ததால் அவன் ஒருநாளும் கண்டதில்லை.

“இது என்ன?”

“உங்கட வீட்டு எர்த். அந்தக் காலத்து ஆக்கள் எர்த்துக்கு வேற கம்பி அடிக்கல்ல. இரும்புப் பைப்பு மண்ணுக்குள்ளதானே போகுது, அதிலயே கட்டி உட்டுட்டாங்க. இந்தப் பைப்புக்கு ரெண்டு வேலை அண்ணே. தண்ணியக் கொண்டு வாற ஒரு வேலை. கரண்ட் எங்கயும் பிழைச்சா அதை மண்ணுக்குள்ள கொண்டு போற மத்த வேலை. நீங்க நடுவால பிளாஸ்டிக் போட்டுட்டீங்க. தண்ணி போகும். கரண்ட் போகாது.”

பிரகலாதன் குனிந்து, தொடாமல், அந்தப் பட்டியைப் பார்த்தான்.

“மோட்டர் உள்ளுக்க ஈரம் புடிச்சு வெளி இரும்புல கரண்ட் கசியுது. கன காலமாக் கசிஞ்சிருக்கும். முந்தி இந்த வயரால மண்ணுக்குப் போனது, இப்ப போக வழியில்லாம உங்கட பைப்பில வந்து நிக்குது. இப்பிடிக் கசிஞ்சா தானா நிப்பாட்டுறதுக்குத்தான் ட்ரிப் சுவிச், அது விழுந்திருக்கணும். இஞ்ச பாருங்க.” போர்டில் ஒரு சின்னப் பொத்தானை அமத்திக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. “மெயினை ஒருக்காப் போட்டுத்தான் அமத்துறன், ஆனாலும் விழல்ல. செத்துப்போச்சு. மாசத்துல ஒருக்கா அமத்திப் பாக்கணும். நீங்க பாத்திருக்கமாட்டீங்க.”

“இல்லை.”

“செருப்புப் போட்டுட்டா நிண்டீங்க?”

“ஓம். ஈரமான இடத்துக்குச் செருப்பில்லாமல் போகக்கூடாதெண்டு மனிசியின்ர ஓடர்.”

“அவவுக்கு ஒரு சலாம் சொல்லுங்க. வெறுங்காலோட ஈரத்துல நிண்டிருந்தா, நான் வந்து வேற ஆக்களோடதான் கதைச்சிருப்பேன்.”

பகிடியாகத்தான் சொன்னான். பிறகு எழும்பிப்போய்க் கடையில் செப்புக் கம்பியும் புதிய ட்ரிப் சுவிச்சும் வாங்கி வந்தான். கிணற்றடியில் ஈர மண்ணாகப் பார்த்துக் கம்பியை அடித்து இறக்கினான். பச்சை வயரை அதில் கொண்டுவந்து பூட்டினான். பைப்பையும் அதோடு சேர்த்துக் கட்டினான். மோட்டரைத் தனியே கழற்றி, திருத்தக் கொடுப்பதற்குச் சாக்கில் போட்டான். புதிய சுவிச்சின் பொத்தானை அமத்தச் சொன்னான். பிரகலாதன் அமத்தினான். டக் என்று வீடு முழுக்க அணைந்தது.

“இந்தச் சத்தம் கேட்டாத்தான் நீங்க நிம்மதியாப் படுக்கலாம்,” என்றான் றுவைஸ்.

அவன் போகும்போது மூன்றரை மணி. பிரகலாதன் கிணற்றுக்கட்டில் இருந்தான். புஸ்பராணி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டுவிட்டு, உள்ளே போய்விட்டா. குளியலறையின் புதிய கதவு திறந்தபடி கிடந்தது. அவளுக்காகக் கட்டியது. அந்தப் பைப்பு அவள் வந்த பிறகு கடித்திருந்தால்? அவள் குளிக்கும்போது செருப்புப் போட்டுக்கொண்டா நிற்பாள்? அந்த நினைவுக்கு முன்னால் அவனால் இருக்க முடியவில்லை. எழும்பினான். கைத்தொலைபேசியை எடுத்தான். கையைத் துடைக்கவில்லை.

“சிவா, இண்டைக்கு நான் செத்திருப்பன். மெய்யாத்தான் சொல்லுறன். றுவைஸ் பகிடி மாதிரிச் சொன்னவன், ஆனால் பகிடி இல்லை. நாங்கள் தண்ணியைப் பாத்தம், மோட்டரைப் பாத்தம், அந்தப் பைப்புக்கு இன்னொரு வேலை இருந்தது எண்டு ரெண்டு பேருக்கும் தெரியேல்லை. நீ அங்கயிருந்து ஓம் சொல்லிக் காணாது. எனக்கு ஏலாமல் இருக்கு. அந்தப் படிவத்தில கையெழுத்துப் போடாத. வா. வந்திடு.”

போய்விட்டது. இரண்டு சாம்பல் கோடுகள் விழுந்தன. நீலமாகவில்லை, அவள் இன்னும் கேட்கவில்லை. அங்கே பகல் பன்னிரண்டு. மடத்துக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம்.

அவன் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். இறங்குதுறையில் புதிதாக வந்தவர்களுக்கு அவனே சொல்லுகிற ஒன்று உண்டு. மேலே நிற்பவன் தானாகக் கையைத் தூக்க வேண்டும். கீழேயிருந்து கத்தி, வெருட்டி, அவசரப்படுத்தித் தூக்க வைத்த கை கை அல்ல. அதை நம்பி வால்வைத் திறக்கக்கூடாது. இப்போது தான் செய்தது என்ன? செத்திருப்பேன் என்று ஒருத்திக்குச் சொல்லிவிட்டு அதே மூச்சில் வா என்றால், அவள் வராமல் என்ன செய்வாள். பயத்தில் வருவாள். வந்து பத்து வருடம் கழித்து ஒருநாள், அன்றைக்கு நீங்கள் வெருட்டினீங்கள் என்று சொல்லாமல் இருந்தாலும் அவள் முகத்தில் அது இருக்கும்.

கோடுகள் இன்னும் நீலமாகவில்லை. செய்தியின் மேல் விரலை அமத்திப் பிடித்தான். எல்லாருக்கும் அழி என்று கேட்டது. அழித்தான்.

துறைமுகத் துண்டில் வெள்ளைக் கப்பல் ஒன்றின் நடுப்பகுதி வந்தது, மெதுவாகப் போனது. அது முழுதாகப் போகும்வரை அவன் நின்றான்.

ஐந்தரை மணிக்கு அவள் அழைத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

“றுவைஸ் வந்தவரோ?”

“வந்து செய்துபோட்டுப் போயிட்டான். எர்த் வயர்ப் பிழை. புதுக்கம்பி அடிச்சிருக்கு. ட்ரிப் சுவிச்சும் புதுசு. இனி மாசம் ஒருக்கா அமத்திப் பாக்கவேணுமாம்.”

“அதையும் வரியில சேருங்கோ.”

“சேர்க்கிறன்.”

“என்னவோ அனுப்பிப்போட்டு அழிச்சிருக்கிறீங்கள்.”

“கை பட்டுப் போனது. சும்மா சத்தம்.”

அவள் பக்கத்தில் எந்தச் சத்தமும் இல்லை. கரண்டி இல்லை, இருமல் இல்லை. அவனுக்குத் தெரிந்த எந்த அறையிலும் அவள் இருப்பதாகத் தோன்றவில்லை.

“பெரிய பிழை ஒண்டும் இல்லையே?” என்றாள்.

“இல்லை. சின்ன வயர் வேலை.”

“அவ்வளவுதானோ?”

“ஓம்.”

“வேற ஒண்டும் சொல்ல இல்லையோ?”

அந்த இடத்தில் அவன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான். வா என்று சொன்னால் போதும். ஓரெழுத்துச் சொல்தான்.

“இல்லை, சிவா. நீ சாப்பிட்டனியோ?”

“சாப்பிட்டனான். சரி, வைக்கிறன்.”

அடுத்த நாள் காலை செய்தி வந்தது. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். குரல் இல்லை, எழுத்து. நல்லது என்று அவனும் எழுதினான். வேலைக்குப் போனான். அன்று ஒரு சரக்குக் கப்பலுக்கு மூன்று மணித்தியாலம் தண்ணீர் ஏற்றினான். மேலே நின்றவன் சின்னப் பெடியன். கையைத் தூக்கிவிட்டுச் சிரித்தான். பிரகலாதனும் சிரித்தான்.

அந்த வருடமும் போனது. கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டான். மாபிள் இடுக்குகளில் பிடித்த பாசியைத் தேய்த்தான். குளியலறையில் அவன் குளிக்கவில்லை. கிணற்றடியே போதும் என்றிருந்தான். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பைப்பை மட்டும் திறந்து, தண்ணீர் தெளிவாக விழுகிறதா என்று பார்த்து மூடுவான். அதைத் தொடுவதற்கு முதல் ஒவ்வொரு தடவையும் புறங்கையைக் கன்னத்தில் வைப்பான். வரிகளில் ஒன்று கூடியிருந்தது. ட்ரிப் சுவிச் அமத்திப் பாத்தாச்சு, விழுந்தது. அதற்கும் ஓம் வந்தது. கரண்டியோடும் லிஃப்ட்டோடும் மணியோடும் வந்தது. புஸ்பராணி அக்கா பகிடி விடுவதைக் குறைத்துக்கொண்டா. “வந்திட்டுதோ தம்பி?” என்று மட்டும் கேட்பா.

அடுத்த மாசியில் சிவாஜினி வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பின்வளவில் இருந்து உள்ளி உரித்தபடி சைப்பிரஸ் வீட்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மடத்தின் குணம், மகனின் பொறுமை, அவர் கோப்பி குடிக்கிற விதம். அந்தப் பேச்சோடு பேச்சாக, யாரையும் குறை சொல்லாத குரலில், அவன் அதுவரை அறியாத ஒன்றையும் சொன்னாள். பைப்பு கடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மகன் படிவத்தை வாங்கவென்று பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாராம். வீட்டோடு ஒருக்காக் கதைத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அவள் இரண்டு மணி வரை அவரை இருக்க வைத்தாளாம். அவனோடு கதைத்து முடியும் வரைக்கும், வேற ஒண்டும் சொல்ல இல்லையோ என்று கேட்டபோதும், மூடி கழற்றிய பேனை அவள் கையிலேயே இருந்ததாம்.